வளாகத்தில் ஆபத்து என்றால் மொபைல் லொகேஷன் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்லூரியில் ஒரு பாதுகாப்புச் செயலி வாங்க யோசிக்கிறார்கள். ஆபத்தில் இருக்கும் மாணவி ஒரு பட்டனை அழுத்தினால் அவள் இருக்கும் இடம் செக்யூரிட்டி அறையின் திரையில் தெரியும். தீயோ வன்முறையோ என்றால் வளாகத்தில் இருக்கும் எல்லா மொபைலுக்கும் எச்சரிக்கை போகும். இதெல்லாம் சொன்னபடி நடக்குமா, கடைசியில் மாணவர்களை நாள் முழுக்கப் பின்தொடரும் கருவியாக இது ஆகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வளாகக் கட்டுப்பாட்டு அறைகளை அமைத்துக் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்திருக்கிறேன். நடக்கும் என்பதுதான் என் பதில். சரியாக அமைத்தால் உயிரையும் காப்பாற்றும். ஆனால் திரையில் புள்ளி விழுவதற்கும் ஒரு ஆள் போய்ச் சரியான கதவைத் தட்டுவதற்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. எந்தச் செயலியும் அதைத் தானாகக் கடந்து தராது. உங்கள் குழுவின் வேலை முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்து வைத்துவிடலாம். ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரு செய்தியைச் சொல்வது வேறு வேலை. விற்க வருபவர்கள் இரண்டையும் ஒரே திரையில் காட்டுவதால் ஒன்று போலத் தோன்றும். முதல் வேலைக்கு மொபைலின் லொகேஷன்தான் உயிர்நாடி. இரண்டாவதற்கு அது அவ்வளவாகத் தேவையே இல்லை.

முதல் வேலையை எடுத்துக்கொள்வோம். மொபைலுக்குத் தன் இடம் எப்படித் தெரிகிறது? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னலைப் பிடித்து, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டு மொபைல் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. மேலே வானம் நன்றாகத் தெரியும் மைதானத்தில் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லிவிடும். விளையாட்டு மைதானம், வண்டி நிறுத்துமிடம், ஹாஸ்டலுக்குப் போகும் பாதை ஆகிய இடங்களில் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

கட்டடத்துக்குள் நுழைந்ததும் கதை மாறிவிடுகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போது மிகவும் பலவீனமாகிவிடும். கான்கிரீட் கூரை அதைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் நின்றால் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து கணக்கைக் கெடுக்கும். அப்போது மொபைல் சுற்றியிருக்கும் வைஃபை கருவிகளின் அடையாளத்தையும் டவர்களையும் வைத்து ஒரு மதிப்பீடு செய்கிறது. அந்த மதிப்பீடு சில நேரம் நன்றாக இருக்கும், சில நேரம் பல பத்து மீட்டர் தள்ளிப் போகும். மாணவர்கள் பெரும்பாலான நேரம் கட்டடத்துக்குள்தான் இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு வளாகத்தில் நடந்த இரவு ஒத்திகையை என்னால் மறக்கவே முடியாது. தானாக முன்வந்த ஒரு மாணவி ஆய்வகக் கட்டடத்தின் 3-வது மாடியில், படிக்கட்டை ஒட்டிய அறையில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். சில விநாடிகளில் கட்டுப்பாட்டு அறைத் திரையில் சிவப்புப் புள்ளி வந்துவிட்டது. விழுந்த இடம் ஆய்வகத்துக்கும் நூலகத்துக்கும் நடுவில் உள்ள நடைபாதை. புள்ளியைச் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு பெரிய வட்டம். திரைக்கு முன்னால் இருந்தவர் புள்ளியைப் பார்த்தார், வட்டத்தைக் கவனிக்கவில்லை. வாக்கிடாக்கியில் “நூலகத்துக்கு வெளியே” என்று சொன்னார். இரண்டு காவலர்கள் ஓடிவந்து டார்ச் அடித்துச் செடிகளுக்கு நடுவிலெல்லாம் தேடினார்கள். அவர்கள் தலைக்கு மேலே மூன்றாவது மாடி ஜன்னலில் நின்றபடி அந்த மாணவி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே கீழே இறங்கி வந்தாள். “நான் கத்தியிருந்தால்கூட உங்களுக்குக் கேட்டிருக்காது” என்றாள். காவலர்கள் இருவரும் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை.

அந்த நீல வட்டம் என்ன என்பதை உங்கள் கட்டுப்பாட்டு அறையில் உட்காரும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு மொபைல் தன் இடத்தோடு கூடவே “இவ்வளவு மீட்டர் பிசகு இருக்கலாம்” என்று ஒரு எண்ணையும் தருகிறது. அதைத்தான் வட்டமாக வரைகிறார்கள். ஆள் அந்த வட்டத்துக்குள் இருப்பதற்கான வாய்ப்பே சுமார் 68 சதவீதம்தான். மூன்றில் ஒரு தடவை வட்டத்துக்கு வெளியேகூட இருக்கலாம். எனவே புள்ளியை ஒரு முகவரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கிருந்து தேடத் தொடங்கலாம் என்பதற்கான குறிப்பு அது, அவ்வளவுதான்.

அடுத்தது மாடி. வரைபடம் தட்டையானது. தரைத்தளமும் 6-வது மாடியும் அதில் ஒரே புள்ளி. பல மொபைல்களில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். கடல் மட்டத்தை ஒட்டிய இடங்களில் சுமார் 8 மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்ற கணக்கு. அப்படியென்றால் ஒரு மாடிக்கு அரை ஹெக்டோபாஸ்கல் கூட வராது. சென்சார் அந்தச் சின்ன வித்தியாசத்தை நன்றாகவே உணரும். சிக்கல் என்னவென்றால், வானிலை மாறினாலே காற்றழுத்தம் ஒரே நாளில் அதைவிடப் பல மடங்கு ஏறி இறங்கும். உயரம் சரியாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்த இன்னொரு சென்சாரோடு ஒப்பிட்டால்தான் மாடி எண் கிடைக்கும். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, அவசர அழைப்புகளில் 80 சதவீதத்துக்கு உயரம் 3 மீட்டர் பிசகுக்குள் தெரிய வேண்டும் என்று 2019-இல் விதி வகுத்தது. மாடியைச் சொல்வது அவ்வளவு முக்கியம், அவ்வளவு கடினமும்கூட. உங்களிடம் வரும் நிறுவனம் “மாடியும் தெரியும்” என்று சொன்னால், எந்த வழியில் தெரிகிறது என்று கேளுங்கள். எல்லா மொபைலிலும் அந்த சென்சார் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் கல்லூரிக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. வளாகத்தின் வைஃபை உங்களுடையது. எந்தக் கருவி எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில், எந்த அறை வாசலில் மாட்டப்பட்டிருக்கிறது என்பது உங்கள் கணினித் துறைக்குத் தெரியும், அல்லது ஒரு வாரம் நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். உதவி கேட்கும் மொபைல் வளாக வைஃபையில் இணைந்திருந்தால், எந்தக் கருவியோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்த்தே கட்டடத்தையும் பெரும்பாலும் மாடியையும் சொல்லிவிடலாம். சில நேரம் மேல் மாடிக் கருவியைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றும், இருந்தாலும் வெறும் ஜிபிஎஸ் புள்ளியைவிட எவ்வளவோ மேல். அந்த ஒத்திகைக்குப் பிறகு நாங்கள் முதலில் செய்தது இதைத்தான். வைஃபை கருவிகளின் பட்டியலைத் திருத்தி, கட்டடம்-மாடி-அறை என்று எழுதி, செயலியின் திரையோடு இணைத்தோம்.

இதைவிடத் துல்லியமான வழிகளும் உண்டு. சிக்னல் போய்த் திரும்பும் நேரத்தை அளந்து வைஃபை மூலம் 1 முதல் 2 மீட்டர் வரை நெருங்கும் வசதி 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9-லிருந்து இருக்கிறது. கருவிகளும் அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். தன் அடையாளத்தை விடாமல் ஒலிபரப்பும், பேட்டரியில் ஓடும் சின்ன ப்ளூடூத் பீக்கன்களை அறைக்கு அறை ஒட்டி வைக்கலாம். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பேட்டரி தீர்ந்த பீக்கனை மாற்ற ஒரு ஆள் பொறுப்பு இல்லையென்றால், இரண்டு மூன்று வருடத்தில் சுவரில் ஒட்டிய வெறும் பிளாஸ்டிக்காக மிஞ்சும். பராமரிக்க ஆள் போட முடியாது என்றால் அதை வாங்கவே வேண்டாம்.

சரி, இடம் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை எப்படிச் சொல்வது? தேடிப் போகும் காவலருக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எதற்கு? அவருக்கு வேண்டியது “ஆய்வகக் கட்டடம், 3-வது மாடி, படிக்கட்டுக்கு இடப்பக்கம் முதல் அறை.” அமெரிக்காவில் கேரி ஹன்ட் என்ற பெண் 2013-இல் டெக்சாஸில் ஒரு ஹோட்டல் அறையில் கொல்லப்பட்டார். அவருடைய 9 வயது மகள் அறை ஃபோனிலிருந்து அந்த நாட்டின் அவசர எண்ணான 911-ஐ நான்கு தடவை அழுத்தினாள். வெளியே பேச முதலில் ஒரு 9 அழுத்த வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அழைப்பு போகவே இல்லை. பிறகு அவர் பெயரிலேயே வந்த சட்டம், இப்படிப் பல இணைப்புகள் உள்ள ஃபோன்களிலிருந்து நேரடியாக 911 அழைக்க முடிய வேண்டும் என்றும், அழைப்பு போன தகவல் அந்த இடத்தின் வரவேற்பறைக்கோ செக்யூரிட்டிக்கோ உடனே தெரிய வேண்டும் என்றும் ஆக்கியது. அதோடு சேர்ந்து வந்த இன்னொரு விதி, தெரு முகவரி மட்டும் போதாது, மாடியும் அறையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்கிறது. அங்குள்ள கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். உங்கள் வளாகத்தில் மேசை ஃபோன்கள், ஹாஸ்டல் ஃபோன்கள் இருந்தால் இன்றே ஒன்றில் அவசர எண்ணை அழைக்க என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துவிடுங்கள். முன்னால் இன்னொரு எண் அழுத்த வேண்டுமென்றால், செயலி வாங்குவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

கட்டடப் பெயர்களும் இதே மாதிரிதான். கல்வெட்டில் ஒரு பெயர், அலுவலகக் கோப்பில் ஒரு எண், மாணவர்கள் வாயில் வேறொரு பெயர் என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று பெயர் இருக்கும். வெளியிலிருந்து வரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு மூன்றும் தெரியாது. திரையில் வரும் பெயரும், கட்டடத்தின் மேல் இரவிலும் தெரியும்படி எழுதிய பெயரும், மாணவர்கள் சொல்லும் பெயரும் ஒன்றாக ஆகும் வரை நீங்கள் எந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தாலும் குழப்பம்தான்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று. நாட்டின் அவசர எண்ணை அழைத்தால், அந்த வசதி உள்ள நாடுகளில், மொபைல் தானாகவே லொகேஷனை இயக்கி, கிடைத்த இடத்தை அவசர மையத்துக்கு அனுப்பிவிடும். ஏஎம்எல் என்று இதற்குப் பெயர். 2014-இல் பிரிட்டனில் தொடங்கியது. 2016-இல் கூகுள் ஆண்ட்ராய்டில் சேர்த்தது, 2018-இல் ஆப்பிளும் சேர்த்தது. எந்தச் செயலியும் நிறுவத் தேவையில்லை, மாணவர் லொகேஷனை அணைத்து வைத்திருந்தாலும் அந்த அழைப்புக்காக அது விழித்துக்கொள்ளும். ஆனால் இது நாட்டின் அவசர எண்ணுக்கு மட்டும்தான். உங்கள் செக்யூரிட்டி அறையின் சாதாரண எண்ணை அழைத்தால் எந்த இடமும் போகாது. அதே போல, அவசர எண்ணுக்குப் போன இடம் உங்கள் செக்யூரிட்டிக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கும்போதுதான் காவலருக்கே விஷயம் தெரியவரும். வளாகக் கதவு பூட்டியிருந்தால் அங்கே நிமிடங்கள் போய்விடும். அவசர மையத்தோடு உட்கார்ந்து பேசி, உங்கள் வளாகத்திலிருந்து அழைப்பு வந்தால் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். செயலியில் வரும் அழைப்பை நீங்கள் அவர்களுக்கு எப்படி மாற்றுவீர்கள் என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்துவிடலாம்.

செயலிக்கு வருகிறேன். மாணவரின் மொபைலில் அது நிறுவப்பட்டிருப்பதும் வேலை செய்யும் நிலையில் இருப்பதும் ஒன்று கிடையாது. ஐஃபோனில் 2020 முதலும் ஆண்ட்ராய்டில் 2021 முதலும் ஒரு செயலிக்குத் துல்லியமான இடத்தைத் தராமல் தோராயமான இடத்தை மட்டும் தரலாம் என்ற தேர்வு வந்தது. தனியுரிமைக்கு மிக நல்ல விஷயம். ஆனால் ஆண்ட்ராய்டில் தோராயம் என்றால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்பு. பல கல்லூரி வளாகங்கள் முழுவதுமே அதற்குள் அடங்கிவிடும். செயலியை நிறுவும்போது அவசரத்தில் “தோராயம்” என்பதைத் தட்டிவிட்ட மாணவி பட்டனை அழுத்தினால், “அவள் வளாகத்தில் எங்கேயோ இருக்கிறாள்” என்பது மட்டும்தான் உங்களுக்குக் கிடைக்கும். அதே போல, பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும். நல்ல செயலி என்றால் திறக்கும்போதெல்லாம் இந்த அமைப்புகளைச் சரிபார்த்து, “ஆபத்தில் உங்கள் சரியான இடம் எங்களுக்குத் தெரியாது, இதை மாற்றுங்கள்” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சேர்க்கை நாளன்று ஒரு மேசை போட்டு, ஒவ்வொரு மாணவர் மொபைலிலும் இதைப் பார்த்துச் சரிசெய்து, அவர்கள் கையாலேயே ஒரு சோதனை அழைப்பு போட வைப்பது ஆயிரம் சுவரொட்டிகளைவிடப் பலன் தரும்.

செயலியில் இருக்கும் வசதிகளில் நான் மனதார ஆதரிப்பது நேரக் கணக்கு வைக்கும் வசதியை. நூலகத்திலிருந்து ஹாஸ்டலுக்குத் தனியாகப் போகிறாள் என்றால், “15 நிமிடத்தில் சேர்ந்துவிடுவேன்” என்று வைத்துவிட்டு நடக்கலாம். சேர்ந்ததும் தன் ரகசிய எண்ணைப் போட்டு அணைப்பாள். அணைக்காவிட்டால் கட்டுப்பாட்டு அறைக்குக் கடைசி இடத்தோடு அழைப்பு போகும். பட்டன் அழுத்த நேரம் கிடைக்காத சூழலில் இதுதான் காப்பாற்றும். அந்த 15 நிமிடம் தவிர வேறு எப்போதும் அவள் இடம் யாருக்கும் போகாது. கையில் மொபைலைப் பிடுங்கியவன் அணைத்துவிடாதபடி ரகசிய எண் அவசியம். மிரட்டி அணைக்கச் சொன்னால் போடுவதற்கு இன்னொரு எண் இருந்தால் இன்னும் நல்லது. அதைப் போட்டால் திரையில் அணைந்த மாதிரி தெரியும், அழைப்பு மட்டும் அமைதியாகப் போய்விடும். பேச முடியாதவர்களுக்காக எழுத்தில் உரையாடும் வசதியும் வேண்டும். ஒளிந்திருப்பவரை நீங்கள் திரும்ப அழைத்து ஃபோன் ஒலித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி இரண்டாவது வேலை, எல்லோருக்கும் சொல்வது.

2007 ஏப்ரல் 16-ஆம் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் காலை சுமார் 7:15 மணிக்கு ஒரு ஹாஸ்டலில் இருவர் சுடப்பட்டார்கள். இது தனிப்பட்ட தகராறு, சுட்டவன் வளாகத்தை விட்டுப் போயிருப்பான் என்று முதலில் கருதப்பட்டது. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் 9:26-க்குத்தான் போனது. அடுத்த கால் மணி நேரத்துக்குள் நாரிஸ் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடத்தில் அவன் சுடத் தொடங்கி 30 பேரைக் கொன்றான். இடையில் இருந்த இரண்டு மணி நேரத்தில் எத்தனையோ பேர் எழுந்து, கிளம்பி, வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். மின்னஞ்சல் அனுப்பும் வசதி அன்றைக்கு இல்லாமல் இல்லை. அனுப்பலாமா, என்ன எழுதுவது என்ற முடிவுதான் தாமதமானது.

1986-இல் தன் ஹாஸ்டல் அறையில் கொல்லப்பட்ட ஜீன் கிளேரி என்ற 19 வயது மாணவியின் பெற்றோர் போராடியதால் 1990-இல் அந்த நாட்டில் வளாகக் குற்றங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற சட்டம் வந்தது. வர்ஜீனியா டெக் துயரத்துக்குப் பிறகு, 2008-இல் அதோடு இன்னொரு கடமை சேர்ந்தது. உடனடி ஆபத்து உறுதியானதும் தாமதமின்றி வளாகத்துக்கு அறிவிக்க வேண்டும், அந்த அமைப்பை வருடத்துக்கு ஒரு தடவையாவது சோதித்துப் பார்க்க வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் குழு இந்த இரண்டையும் தன் விதியாக எழுதி வைத்துக்கொள்ளலாம். மாணவர்களாகப் பதிவு செய்துகொள்ளட்டும் என்று விடாதீர்கள். சேர்க்கையின்போதே எல்லோருடைய எண்ணும் சேர்ந்துவிட வேண்டும், வேண்டாதவர் பிறகு விலகிக்கொள்ளட்டும்.

எந்த வழியில் அனுப்புவது? ஒரே வழியை நம்பக் கூடாது என்பதைத் தவிர இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பல ஆயிரம் பேருக்கு எஸ்எம்எஸ் போனால் அது வரிசையில்தான் போகும். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவில் நிமிடக் கணக்கில் வித்தியாசம் வரலாம். செயலியின் நோட்டிஃபிகேஷன் வேகமானது, ஆனால் இணையம் வேண்டும். மொபைல் அமைதி நிலையில் இருந்தால் ஒலிக்காது. ஐஃபோனில் அமைதி நிலையையும் மீறி ஒலிக்கும் சிறப்பு எச்சரிக்கைக்கு ஆப்பிளிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். செல் பிராட்காஸ்ட் என்பது டவரிலிருந்து அங்கே இருக்கும் எல்லா மொபைலுக்கும் ஒரே வீச்சில் போவது. எண் தெரிய வேண்டாம், நெரிசலில் சிக்காது, வளாகத்துக்கு அன்றைக்கு வந்த விருந்தினருக்கும் போகும். ஆனால் அதை இயக்கும் உரிமை பெரும்பாலும் அரசு அமைப்புகளிடம்தான் இருக்கும். பழைய ஒலிபெருக்கியையும் சைரனையும் கழற்றி எறிந்துவிடாதீர்கள். தேர்வு அறையில் எல்லோர் மொபைலும் வெளியே பையில் இருக்கும்போது அதுதான் பேசும்.

“வடக்குப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்பலாம்” என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். பின்னணியில் இயங்கும் எல்லைக் கோடுகளுக்கு குறைந்தது 100 முதல் 150 மீட்டர் ஆரம் வைக்கச் சொல்லி கூகுளே பரிந்துரைக்கிறது. மொபைல் எல்லையைத் தாண்டியது தெரியவே சில நிமிடம் ஆகலாம். அதனால் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களைப் பிரிக்க இது உதவாது. ஆபத்து நேரத்தில் தேவையில்லாத நூறு பேருக்குப் போவது பரவாயில்லை, தேவைப்படும் ஒருவருக்குப் போகாமல் இருப்பதுதான் கொடுமை. நான் எப்போதும் முழு வளாகத்துக்கும் அனுப்பி, இடத்தைச் செய்தியிலேயே எழுதச் சொல்வேன்.

செய்தி எப்படி இருக்க வேண்டும்? “பாதுகாப்பு தொடர்பான ஒரு சம்பவம் நிகழ்ந்துள்ளது, அனைவரும் எச்சரிக்கையுடன் இருக்கவும்” என்று அனுப்பினால் படிப்பவர் என்ன செய்வார்? ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்ப்பார். “வேதியியல் கட்டடத்தில் தீ. உள்ளே இருப்பவர்கள் கிழக்குப் படிக்கட்டு வழியாக உடனே வெளியேறுங்கள். மற்றவர்கள் அந்தப் பக்கம் வர வேண்டாம். அடுத்த செய்தி 10 நிமிடத்தில்.” இவ்வளவு போதும். என்ன, எங்கே, என்ன செய்ய வேண்டும், அடுத்து எப்போது சொல்வோம். தீ, வாயுக் கசிவு, ஆயுதத்தோடு ஒருவர், புயல் என்று ஒவ்வொன்றுக்கும் இடத்தை மட்டும் காலியாக விட்டு இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். “ஆபத்து நீங்கியது”, “முந்தைய செய்தி தவறு” ஆகிய இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். 2018 ஜனவரி 13-ஆம் தேதி ஹவாயில் ஏவுகணை வருகிறது என்று தவறாக எல்லா மொபைலுக்கும் எச்சரிக்கை போனது. அது தவறு என்ற செய்தி மொபைல்களுக்குப் போக 38 நிமிடம் ஆனது. மறுப்புச் செய்தி அவர்களிடம் எழுதித் தயாராக இல்லாததும் அதற்கு ஒரு காரணம்.

எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பும் பொத்தானை அழுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். இரவு 2 மணிக்குப் பணியில் இருக்கும் கட்டுப்பாட்டு அறை ஊழியர், யாரையும் எழுப்பி அனுமதி கேட்காமல் முதல் செய்தியை அனுப்ப முடிய வேண்டும். தவறாக அனுப்பிவிட்டாலும் அவரைத் தண்டிக்க மாட்டோம் என்ற உறுதியும் அவருக்கு வேண்டும். பயந்த கை தாமதிக்கும்.

கண்காணிப்பு பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். அதை லேசாக எடுத்துக்கொள்ளும் எந்த நிர்வாகத்தையும் நான் நம்ப மாட்டேன். ஆபத்தில் உதவ ஒருவரின் இடம் தேவைப்படுவது அவர் உதவி கேட்கும் அந்த நேரத்தில் மட்டுமே. நேற்று எங்கே இருந்தார், யாரோடு இருந்தார் என்பது எதற்கும் தேவையில்லை. எனவே பட்டனை அழுத்தினாலோ நேரக் கணக்கு வைத்தாலோ தவிர இடம் மொபைலை விட்டு வெளியே போகக் கூடாது. இதை வாய்மொழியாகக் கேட்காமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். உதவி முடிந்ததும் எத்தனை நாளில் அந்தப் பதிவு அழியும் என்பதும் அதில் இருக்க வேண்டும். மாணவரின் இடத்தைத் திரையில் யார் எப்போது திறந்து பார்த்தார் என்ற பதிவு தானாகச் சேர வேண்டும், அந்தப் பதிவைக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே உள்ள ஒருவர் மாதாமாதம் பார்க்க வேண்டும். ஒரு மாணவியைப் பின்தொடர்கிறவன் வெளியாளாகத்தான் இருப்பான் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

வைஃபை பட்டியலைச் சரிசெய்தபின் உங்களுக்கு ஒரு சபலம் வரும். “இதை வைத்தே வருகைப் பதிவு எடுக்கலாமே, ஹாஸ்டலுக்கு யார் தாமதமாக வருகிறார்கள் என்று பார்க்கலாமே” என்று யாராவது ஒரு கூட்டத்தில் கேட்பார். தயவுசெய்து அன்றைக்கே மறுத்துவிடுங்கள். நான் பார்த்த ஒரு வளாகத்தில், தாமதமாக வந்ததற்கு வார்டன் கூப்பிட்டு விசாரித்த விஷயம் பரவிய சில நாட்களில் மாணவிகள் செயலியை நீக்கத் தொடங்கினார்கள். உண்மையில் வார்டனுக்குச் செயலியிலிருந்து தகவல் போகவில்லை, வாசலில் இருந்த பதிவேட்டில்தான் பார்த்திருந்தார். யாரும் நம்பவில்லை. மறுபடி அவர்களை நிறுவ வைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடம் இரவில் நடந்துபோன யாருக்காவது எதுவும் ஆகியிருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது. விதிகளை எழுதும் மேசையில் மாணவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். முக்கியமாக, இரவில் தனியாக நடந்துபோகிறவர்களுக்கு. மொபைல் இல்லாதவர், பேட்டரி தீர்ந்தவர், செயலியை வேண்டாம் என்றவர் ஆகியோருக்காகப் பாதையோர அவசர ஃபோன் கம்பங்களும் நல்ல விளக்குகளும் இருந்தே ஆக வேண்டும்.

வாங்குவதற்கு முன் நிறுவனத்தார் தங்கள் மடிக்கணினியில் காட்டும் காட்சியை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவர்களை உங்கள் நூலக அடித்தளத்துக்கும், ஹாஸ்டலின் மேல் மாடிக்கும், கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் குறுகிய சந்துக்கும் அழைத்துப் போங்கள். விலை குறைந்த, இரண்டு மூன்று வருடம் பழைய மொபைல்கள் நாலைந்தை மாணவர்களிடம் வாங்கி அதில் செயலியை நிறுவுங்கள். ஒருவர் பட்டனை அழுத்தட்டும், உங்கள் சொந்தக் காவலர்களே தேடிவரட்டும். புள்ளி திரையில் வந்த நேரத்தையும் காவலர் அறைக்கதவைத் தட்டிய நேரத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இதை இரவு 11 மணிக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. பகலில் இருக்கும் ஆட்கள் அப்போது இருக்க மாட்டார்கள், பூட்டிய கட்டடங்களின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியவரும்.